ஆலைத் தொழிலாளியின் முன்னோரை எங்கே தேடுவது?

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி ஏடுகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தோம். பிரபுக்கள் இருக்கட்டும், ஆலையிலும் சுரங்கத்திலும் வயலிலும் உழைத்த சாதாரண ஆங்கிலேயர்களின் வாழ்க்கையை எப்படி அறிவது என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: மதுரையில் பிறந்த நான் திருமணமாகி இங்கிலாந்தில் வசிக்கிறேன். என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய பாட்டிக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. "நாங்கள் ஓல்டம் பஞ்சாலைக்காரர்கள்" என்பதற்கு மேல் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. சொத்தோ உயிலோ கடிதங்களோ இல்லாத குடும்பத்தின் கதையைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, போல்ட்டன்

ப: முடியும். இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்தது குறைவு; அவர்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்ததோ மிக அதிகம். பதிவாளர், கணக்கெடுப்பாளர், பாதிரியார், ஏழையர் நிவாரண அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியர், படைப்பிரிவின் எழுத்தர் என்று ஒவ்வொருவரும் தத்தம் அலுவலுக்காக அவர்களைக் குறித்துவைத்தார்கள். ஆகவே எந்த ஏட்டைத் திறந்தாலும், இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் ஏடு சொல்வதும் புரியும், சொல்லாமல் விட்டதும் புரியும்.

முதல் வேலை, பாட்டியுடன் உட்கார்ந்து பேசுவது. பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் கேட்டால் பேச்சு விரைவில் முடிந்துவிடும். எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், எந்த ஆலைக்கு நடந்து போனார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போனார்கள், யாருடைய சாவுக்கு எந்த ஊருக்குப் போய் வந்தார்கள் என்று கேளுங்கள். குடும்பம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்ததா, மெதடிஸ்டா, கத்தோலிக்கமா என்பது தெரிந்தாலே நீங்கள் பிற்பாடு தேட வேண்டிய ஞானஸ்நானப் பதிவேடு எது என்பது பாதி முடிவாகிவிடும். பைபிளின் முன்பக்கம், புகைப்படங்களின் பின்புறம், வாரத்துக்கு ஒரு பென்னி கட்டிய ஈமச்சடங்குக் காப்பீட்டுப் புத்தகம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அரசுப் பதிவுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை 1837ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கியது. தெரிந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். அதில் தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயர் இருக்கும். அதைக் கொண்டு பெற்றோரின் திருமணத்தைத் தேடலாம். திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். அவற்றைக் கொண்டு மணமக்களின் பிறப்பைத் தேடலாம். இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் வேறொருவருடைய குடும்பத்துக்குள் போய் நிற்பீர்கள். திருமணப் பதிவின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி இருந்தால், அவர் எழுதத் தெரியாமல் தற்குறி இட்டார் என்று பொருள். சாட்சிகளின் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவர்களாகவோ ஆலைத் தோழர்களாகவோ இருப்பார்கள்.

இதற்கு இணையாக, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுவதற்கும் ஆட்களின் பெயர்களோடு கிடைப்பது 1841 முதல். 1851 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, வயது என்ன, பிறந்த ஊர் எது என்ற விவரங்கள் உண்டு. 1921 வரையிலான ஏடுகள் இப்போது திறந்திருக்கின்றன. அந்த ஆண்டுப் படிவம் எந்த முதலாளியிடம் வேலை என்றும் கேட்டதால், ஓல்டம் குடும்பத்துக்கு ஆலையின் பெயரே கிடைத்துவிடக்கூடும். 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்தப் பெரிய இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது. அதில் பிறந்த தேதியே இருக்கிறது. பிற்பாடு மணமான பெண்களின் புதிய குடும்பப்பெயரும் பல இடங்களில் மேலே எழுதப்பட்டிருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் நான் மிக உயர்வாக மதிப்பது 1911ஆம் ஆண்டுப் படிவத்தை. முந்தைய கணக்கெடுப்புகளில் வீட்டார் நிரப்பிய தாள்களைக் கணக்கெடுப்பாளர் ஏட்டில் படியெடுத்தபின் அழித்துவிட்டார்கள். 1911இல்தான் வீட்டார் தம் கையால் எழுதிய தாளே பாதுகாக்கப்பட்டது. உங்கள் கணவரின் கொள்ளுத் தாத்தாவினுடைய கையெழுத்தை நீங்கள் முதன்முதலில் பார்ப்பது அதிலாக இருக்கலாம். மணமான பெண்கள் எத்தனை ஆண்டுகள் மணவாழ்வு வாழ்ந்திருக்கிறார்கள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று அந்தப் படிவம் கேட்டது. கைம்பெண்களும் மனைவியை இழந்த ஆண்களும் இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள். அதிகாரிகள் அந்த எண்களை அடித்துவிட்டார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. கேட்காத அரசாங்கத்திடம் தம் இறந்த குழந்தைகளின் கணக்கைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பிறந்தவர் ஒன்பது, இருப்பவர் ஐந்து, இறந்தவர் நான்கு என்று உங்கள் படிவத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நால்வர் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து நடுவிலேயே மறைந்திருந்தால், எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் பெயர் இராது. தலைமைப் பதிவகத்தின் இணைய அட்டவணை 1837 முதலே பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தகப் பெயரையும் இறப்புகளுக்கு வயதையும் தருகிறது. தந்தையின் குடும்பப்பெயர், தாயின் பிறந்தகப் பெயர், ஓல்டம் பதிவு வட்டம், மணமான ஆண்டு முதல் 1911 வரை என்று இட்டுத் தேடினால் ஒன்பது பிறப்புகளையும் வரிசைப்படுத்தலாம். பிறகு இறப்பு அட்டவணையில் ஒன்றும் இரண்டுமான வயதுகளோடு ஒப்பிட்டால் அந்த நால்வரும் பெயரோடு வெளியே வருவார்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால், மூத்த குழந்தை இறந்தபின் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு இட்டார்கள் என்று கொள்ளலாம். அது அக்கால வழக்கம். இறப்புச் சான்றிதழ் காரணத்தையும் சொல்லும். தட்டம்மை, மார்புச்சளி, கோடைகால வயிற்றுப்போக்கு ஆகியவையே திரும்பத் திரும்ப வரும். 1911ஆம் ஆண்டின் கடுங்கோடையில் மட்டும் தொழில் நகரங்களில் ஏராளமான கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டார்கள். பாட்டி உயிரோடு இருக்கும்போதே இந்தப் பெயர்களைக் கண்டுபிடித்து அவரிடம் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கே: என் மனைவியின் முன்னோர் ஒருவருக்கு 1841இல் வயது 25, 1851இல் 39, 1861இல் 46. குடும்பப்பெயரும் ஓரிடத்தில் ஹாவர்த், ஓரிடத்தில் ஹோவர்த், இன்னோரிடத்தில் ஆவர்த் என்று இருக்கிறது. இவர் ஒருவரா, மூவரா?
– வாசகர், லெஸ்டர்

ப: பிறந்த ஊர், மனைவி பெயர், குழந்தைகளின் பெயர் வரிசை ஆகியவை ஒத்துப்போனால் ஒருவரே. 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 29 வயதானவர் 25 ஆவார். ஆகவே உங்கள் முதல் இரண்டு எண்களுக்குள் முரண்பாடே இல்லை. மூன்றாவதில் மூன்றாண்டு விலகல் இருக்கிறது. தம் பிறந்த ஆண்டைத் தாமே திட்டமாக அறியாத மக்களிடையே இது சாதாரணம். வயதைக் கூட்டவும் குறைக்கவும் காரணங்களும் இருந்தன. மணமகள் மணமகனைவிட மூத்தவளாக இருந்தால் ஓரிரு ஆண்டு குறையும். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்யத் தவறியவர்கள் பிறந்த தேதியையே தள்ளிச் சொன்னார்கள். எழுபது வயதானவர்களுக்கு 1909 ஜனவரியிலிருந்து வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் கிடைக்கத் தொடங்கியபின், முதியவர்கள் தம் வயதைக் கணக்காகப் பார்க்கலானார்கள்.

பெயரைப் பொறுத்தவரை, எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். சொன்னவருக்கு அதைப் படித்துத் திருத்தத் தெரியாது. வட இங்கிலாந்துப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகரம் விழுந்துவிடும். ஆகவே தேடும்போது குடும்பப்பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், பிறந்த ஊர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு ஆகிய மூன்றை மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

கே: 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை என் ஆய்வுக்காகப் பார்க்கிறேன். மணமான பெண்கள் பலருக்கு எதிரே தொழில் பத்தி வெறுமையாக இருக்கிறது. அவர்கள் வேலைக்குப் போகவில்லையா?
– ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி

ப: வெறுமையான பத்தியை வேலையின்மை என்று படிக்கக் கூடாது. குடும்பத் தலைவனான ஆண் தாளை நிரப்பினான். ஆணான கணக்கெடுப்பாளர் அதை ஏட்டில் ஏற்றினார். பிறர் வீட்டுத் துணி வெளுப்பது, பகுதி நேரமாக வீடு பெருக்கித் துடைப்பது, அறுவடைக் கூலி, தீப்பெட்டி ஒட்டுவது ஆகியவற்றை அவர்கள் தொழிலாகக் கருதாமல் விட்டது ஏராளம். ஓல்டம் போன்ற பஞ்சாலை நகரங்கள் உள்ள லங்காஷயரில் பெண் நெசவாளர்கள் ஆலைக்குப் போய்க் கூலி வாங்கியதால் அங்கு மட்டும் பத்தி ஓரளவு நிரம்பியிருக்கும்.

பத்தி வெறுமையாக இருந்தால் அந்த வீட்டின் மற்ற வரிகளைப் பாருங்கள். இரண்டறை வீட்டில் மூன்று வாடகைக் குடியிருப்போர் இருந்தால், அவர்களுக்குச் சமைத்துத் துவைத்த பெண்ணின் முழுநேரத் தொழில் அங்கேதான் இருக்கிறது. பிளாக் கன்ட்ரி எனப்படும் தொழில் பகுதியில் உள்ள கிராட்லி ஹீத்தில் பெண்கள் தம் வீட்டுப் பின்கட்டில் உலை மூட்டிச் சம்மட்டியால் இரும்புச் சங்கிலி அடித்தார்கள். 1910இல் தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தரின் தலைமையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து குறைந்தபட்சக் கூலியை வென்றபிறகே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அத்தகைய பெண்களைத் தொழிற்சங்க ஆவணங்களிலும் உள்ளூர்ச் செய்தித்தாள்களிலும் தேட வேண்டும். சால்ஃபர்டில் உள்ள தொழிலாளர் இயக்க நூலகமும், வார்விக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவண மையமும் தொழிலாளர் இயக்க ஆவணங்களுக்குப் பெயர்பெற்றவை.

குழந்தைகளின் பத்தியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மாணவர் என்று எழுதப்பட்ட பத்து வயதுச் சிறுமி அரை நாள் பள்ளியிலும் அரை நாள் ஆலையிலும் இருந்திருக்கலாம். 1844ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதிலிருந்தே இந்த அரைநாள் முறையை அனுமதித்தது. அதை ஒழிக்க 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வர வேண்டியிருந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், தலைமையாசிரியர் எழுதிய நாளேடும் உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் இருந்தால் தவறாமல் பாருங்கள். சுரங்கப் பகுதியாக இருந்தால், குழந்தை உழைப்பை விசாரித்த ஆணையத்தின் 1842ஆம் ஆண்டு அறிக்கையைப் படியுங்கள். 1838 ஜூலை 4 அன்று யார்க்ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் இறந்தார்கள். பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் அந்த ஆணையத்தின் விசாரணையின் பயனாகவே வந்தது. சிறுவர் சிறுமியர் பெயரோடும் வயதோடும் தம் வேலையைத் தாமே விவரிப்பதை அந்த அறிக்கையில் படிக்கலாம். உழைப்பாளிகளின் சொந்தக் குரல் இத்தனை நெருக்கமாகக் கேட்கும் அரசு ஆவணம் மிக அரிது.

கே: என் மாமியாரின் பாட்டி லிவர்பூலில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லை. பிறந்த இடம் '144ஏ, பிரவுன்லோ ஹில்' என்று இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் மாமியார் பேச்சை மாற்றிவிடுகிறார். அது என்ன இடம்?
– வாசகி, சிங்கப்பூர்

ப: அது லிவர்பூல் நகரின் ஒர்க்ஹவுஸ். ஆதரவற்றவர்களைச் சேர்த்து, உண்ணவும் உறங்கவும் இடம் கொடுத்து, பதிலுக்கு வேலை வாங்கிய ஏழையர் விடுதியை அப்படி அழைத்தார்கள். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்துக்குப் பின் நாடு முழுவதும் இவை எழுந்தன. உள்ளே நுழைந்ததும் கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் குழந்தைகளை வேறொரு பக்கமும் பிரித்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு உதவி கேட்க மனம் வராதபடி உள்வாழ்க்கை கடுமையாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். அங்கே பிறந்த குழந்தைகள் வாழ்நாள் முழுவதும் அவமானத்தைச் சுமக்கக் கூடாது என்பதற்காக, 1904 முதல் பிறப்புப் பதிவில் விடுதியின் பெயரைத் தவிர்த்துச் சாதாரணத் தெரு முகவரியை எழுதச் சொன்னார்கள். உங்கள் கையில் உள்ள முகவரி அப்படி வந்ததுதான்.

மாமியாருக்குத் தயவுசெய்து ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். தனி மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைப் பெண்ணுக்கு ஒர்க்ஹவுஸின் மருத்துவப் பிரிவே பிரசவ ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. அங்கே பிறந்ததில் பிள்ளைக்கும் தாய்க்கும் எந்தக் குறையும் இல்லை. சார்லி சாப்ளினும் சிறுவயதில் தென் லண்டனின் ஒர்க்ஹவுஸில் தாயோடும் அண்ணனோடும் சேர்க்கப்பட்டவரே.

அடுத்து, லிவர்பூல் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கை–வெளியேற்றப் பதிவேட்டைக் கேளுங்கள். தாய் எந்த நாளில் வந்தார், எந்த முகவரியிலிருந்து வந்தார், என்ன தொழில், எத்தனை நாள் கழித்து யாரோடு வெளியேறினார் என்ற விவரங்கள் அதில் இருக்கலாம். 1869 முதல் வைக்கப்பட்ட மதப் பதிவேடுகளில் நெருங்கிய உறவினர் பெயரும் சில இடங்களில் வரும். தந்தையைப் பொறுத்தவரை, மணமாகாத தாய் தனியே போய்ப் பதிவு செய்திருந்தால் தந்தையின் பத்தியைக் காலியாகவே விட வேண்டும். 1875 முதல், தந்தையும் உடன் வந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே அவர் பெயர் ஏறியது. குழந்தைக்கு நடுப்பெயராக வழக்கமில்லாத ஒரு குடும்பப்பெயர் இட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல தாய்மார்கள் சொல்ல முடியாத பெயரை அங்கே வைத்துவிட்டார்கள். பாட்டியின் திருமணப் பதிவில் தந்தை என்று ஒரு பெயர் இருந்தால் அதை உடனே நம்பிவிட வேண்டாம். பாதிரியார் முன்னால் வெட்கப்பட்டுத் தாத்தாவின் பெயரையோ இல்லாத ஒருவரின் பெயரையோ சொன்ன பெண்கள் பலர். வாரப் பராமரிப்புத் தொகை கேட்டுத் தாய் நீதிமன்றம் சென்றிருந்தால், உள்ளூர்ச் சிறுநீதிமன்ற ஏட்டில் தந்தையின் பெயர் இருக்கும்.

கே: என் மருமகனின் முன்னோர் சஃபோக் பகுதியில் விவசாயக் கூலிகள். 1841 வரை வந்துவிட்டோம். அதற்கு முன் கூலிக்காரர்களுக்கு ஏதாவது பதிவு உண்டா?
– வாசகர், கொழும்பு

ப: உண்டு, சில சமயம் பிற்காலப் பதிவுகளைவிட வளமாகவே உண்டு. பாரிஷ் எனப்படும் கோயில் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்கும்படி 1538இல் ஆணை பிறந்தது. 1754 முதல் திருமண ஓலை (மண அறிவிப்பு) வாசித்ததும் மணமக்கள் கையெழுத்திட்டதும் ஏட்டில் உண்டு; 1813 முதல் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவத்தில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் உண்டு. இவற்றை விரைவாகப் பார்த்து முடித்துவிட்டு, அதே பங்கின் ஏழையர் நிவாரண ஆவணங்களுக்கு வாருங்கள். உழைப்பாளியின் வாழ்க்கை அங்கேதான் கிடைக்கும்.

ஏழைக்கு உதவும் கடமை 1834 வரை அந்தந்தப் பங்கின் மீது இருந்தது. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம் பங்கைச் சேராத ஏழையை, உதவி பெற அவருக்கு உரிமை உள்ள பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். எந்தப் பங்கு சோறு போட வேண்டும் என்று தீர்மானிக்க, நீதிபதிகள் இருவர் முன் அவரை நிறுத்தி விசாரித்து எழுதினார்கள். எங்கே பிறந்தார், தந்தை எந்த ஊர், எந்த வயதில் எந்தப் பண்ணையில் சேர்ந்தார், ஆண்டுக்கு எத்தனை பவுன் கூலி, எத்தனை மாதம் இருந்தார், எந்தக் கோயிலில் மணந்தார், எத்தனை குழந்தைகள் என்று முழு வாழ்க்கையும் ஒரே தாளில் இறங்கிவிடும். அடியில் பெரும்பாலும் தற்குறி இருக்கும். மணமாகாத ஒருவர் முழு ஓராண்டு ஒரே இடத்தில் வேலை பார்த்தால் அந்தப் பங்கில் உரிமை வந்துவிடும் என்பதால், பண்ணையார்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் அமர்த்தியதையும் இத்தாள்களில் காணலாம். பிரசவம் நெருங்கிய ஏழைப் பெண்ணை எல்லைக்கு அப்பால் கடத்திவிட்ட செய்திகளும் உண்டு. மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த பங்கே பொறுப்பு என்பது அக்காலச் சட்டம். இரக்கத்துக்காக எழுதப்பட்ட தாள்கள் அல்ல இவை. செலவைத் தட்டிக்கழிக்க எழுதியவை என்பதாலேயே இத்தனை நுணுக்கமாக இருக்கின்றன.

சஃபோக்கின் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பக்கத்து எஸெக்ஸில் தேட வேண்டி வந்தால் செம்ஸ்ஃபோர்டில் உள்ள காப்பகத்துக்கு எழுதுங்கள். வேறு ஊரில் பிழைக்கப் போன ஏழைகள், வாடகை பாக்கியாகிவிட்டது, பிள்ளைக்குச் செருப்பில்லை என்று சொந்தப் பங்குக்கு எழுதிய கடிதங்கள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துப்பிழையோடு அவர்கள் பேசியபடியே எழுதியவை அவை.

கே: இணையத்தில் பிறர் போட்டுவைத்த வம்சாவளியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

ப: துப்பாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஒரே ஆண்டில் இருவர் பிறப்பது லங்காஷயரில் சர்வ சாதாரணம். அவர்களில் தவறானவரை ஒருவர் சேர்த்துவிட்டால் நூறு பேர் அதைப் படியெடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஆளைச் சேர்ப்பதற்கு முன், அதே பெயருள்ள மற்றவர் குழந்தையிலேயே இறந்துவிட்டாரா, வேறு பெண்ணை மணந்து வேறு தெருவில் இருக்கிறாரா என்று சரிபாருங்கள். ஃப்ரீபிஎம்டி, ஃபேமிலிசர்ச் ஆகிய தளங்களில் கட்டணமின்றியே இவ்வளவும் செய்யலாம்.

கே: என் கொள்ளுத் தாத்தா இங்கிலாந்தின் குரூ நகரிலிருந்து ரயில்வே ஃபிட்டராக வந்து தென்னிந்தியாவில் வேலை பார்த்தார், இங்கேயே மணம் செய்துகொண்டார் என்று அப்பா சொல்வார். அவருடைய இங்கிலாந்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வழி உண்டா?
– ஆங்கிலோ இந்தியக் குடும்ப வாசகர், பொன்மலை

ப: வழி உண்டு, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். சென்னை மாகாணத்தின் ஆங்கிலிக்கன் கோயில்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகளை ஒழுங்காக லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். 1698 முதலான அந்தப் படிகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே கிடைக்கிறது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் இலவச அட்டவணையிலும் தேடுங்கள். குடும்பம் கத்தோலிக்கமாக இருந்தால் எல்லாப் பதிவும் லண்டனுக்குப் போயிருக்காது. மணம் நடந்த கோயிலின் பங்குத்தந்தையிடம் மூல ஏட்டைக் கேட்க வேண்டும். பொன்மலைப் பணிமனை 1928இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. மெட்ராஸ் ரயில்வேயின் பணிமனை பெரம்பூரில் இருந்தது. ஆகவே கொள்ளுத் தாத்தா வந்த காலத்தைப் பொறுத்து, திருமணம் அந்த ஊர்களில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

திருமணப் பதிவில் அவர் வயதும் தந்தை பெயரும் கிடைத்துவிட்டால் பிறகு தேடல் குரூ நகரம் உள்ள செஷயரில். குரூ நகரமே லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் பணிமனையைச் சுற்றி எழுந்தது. அந்தத் தந்தையின் பெயரையும் மகனின் ஏறத்தாழ வயதையும் வைத்து, அவர் கடல் கடப்பதற்கு முந்தைய கணக்கெடுப்பில் தேடினால், பெற்றோரோடும் தம்பி தங்கையரோடும் பயிற்சித் தொழிலாளியாக அவர் வெளிப்படலாம். பழைய ரயில்வே கம்பெனிகளின் பணியாளர் ஏடுகள் பல லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒருவேளை அவர் முதலில் படைவீரராக வந்து பிறகு ரயில்வேயில் சேர்ந்திருந்தால், படைவிலகல் ஆவணங்கள் இன்னும் அதிகம் சொல்லும். பிறந்த பங்கு, படையில் சேரும்முன் பார்த்த தொழில், உயரம், கண்ணின் நிறம் வரை அவற்றில் உண்டு.

கொள்ளுப் பாட்டியையும் இதே அக்கறையோடு தேடுங்கள். இந்தியப் பெண்ணை மணந்த பழைய பதிவுகளில் மணமகளுக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டும் எழுதி, தந்தை பெயரை விட்டுவிட்டது உண்டு. அவருடைய ஞானஸ்நானம் திருமணத்துக்குச் சில நாள் முன்பு அதே கோயிலில் நடந்திருக்கலாம். அந்த வரியில் அவர் பழைய பெயரோ ஊரோ இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கு வந்த ஞானப்பெற்றோரின் பெயர்களும் தாய்வழி உறவுக்குத் துப்புத் தரும்.

கே: என் கணவரின் கொள்ளுத் தாத்தா அக்ரிங்டனைச் சேர்ந்த நெசவாலைத் தொழிலாளி. முதல் உலகப் போரில் இறந்தார். அவருடைய படைப்பணி ஆவணம் எரிந்துவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. இத்தோடு முடிந்ததா?
– வாசகி, லண்டன்

ப: முடியவில்லை. 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் முதல் உலகப் போர் வீரர்களின் ஆவணங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு எரிந்தது உண்மையே. ஆனால் வேறு அலுவலகங்களில் இருந்த ஏடுகள் தப்பின. முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அவர் பெயரைத் தேடிப் படைப்பிரிவையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமென்ட்டின் 11ஆம் பட்டாலியன் என்று இருந்தால், அது அந்த ஊர் இளைஞர்கள் ஒன்றாகச் சேர்ந்த அக்ரிங்டன் பால்ஸ் என்னும் படை. 1916 ஜூலை 1 காலையில் சேர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தின் முன்னால் அதில் சுமார் 700 பேர் இறங்கினார்கள். 584 பேர் கொல்லப்பட்டார்கள், காயமுற்றார்கள் அல்லது காணாமற்போனார்கள். அப்படியானால் அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பையும், அந்த ஜூலை மாதத்து அக்ரிங்டன் செய்தித்தாள்களையும் படியுங்கள். இறந்தவர்களின் புகைப்படத்தையும், அவர்கள் வேலை பார்த்த ஆலையின் பெயரையும், வீட்டு முகவரியையும் உள்ளூர்த் தாள்கள் வாரக்கணக்கில் வெளியிட்டன.

அதற்குமேல் இரண்டு ஏடுகள் உங்களுக்குப் பயன்படும். ஒன்று, அழிக்கப்படவிருந்த நிலையில் வெஸ்டர்ன் ஃபிரண்ட் அசோசியேஷன் காப்பாற்றிய ஓய்வூதிய அட்டைகள். மனைவியின் பெயரும் ஒவ்வொரு குழந்தையின் பிறந்த தேதியும் அவற்றில் இருக்கும். மற்றொன்று, தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ள வீரர்களின் உடைமைப் பதிவேடு. அவருக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியும் போர் நன்கொடையும் யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பவுன் எத்தனை ஷில்லிங் எத்தனை பென்ஸ் கொடுக்கப்பட்டது என்று அதில் வரிவரியாக இருக்கும். பணம் மனைவிக்குப் போகாமல் தாய்க்கோ சகோதரிக்கோ போயிருந்தால், மனைவி அதற்குள் இறந்துவிட்டாரா என்று இறப்பு அட்டவணையில் பாருங்கள். பிள்ளைகள் வேறொருவர் பொறுப்பில் வளர்ந்திருந்தால், ஓய்வூதிய அட்டையில் அந்தப் பாதுகாவலரின் பெயரும் முகவரியும் இருக்கலாம். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த முகவரியிலேயே பிள்ளைகளைத் தேடுங்கள்.